ஆறு சிலிண்டர் சத்தம்

மன்னிக்கிறவர்களுக்குப் பெரிய மனது என்பார்கள். எனக்கு அந்த மனது கிடையாது. இதைப் படிக்கும்போதே தெரிந்துகொள்வீர்கள்.

வெளிநாட்டுக் கார்களை வாங்கி, மாற்றிக் கட்டி, பந்தயத்தில் ஓட்டுவதைக் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் நான் ஒலி எடிட்டராக இருந்தேன். சனிக்கிழமை மாலை ஒளிபரப்பு. ஓடும் காரிடம் மைக்கை நீட்டினால் பெரும்பாலும் காற்றுதான் பதிவாகும். அதனால் எஞ்சின் சத்தத்தைத் தனியாக எடுத்து, பிறகு படத்தோடு சேர்ப்போம். அதுதான் என் வேலை.

தொகுப்பாளன் கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழன். ஆபீசில் 'சார்' என்றுதான் கூப்பிட்டேன், இங்கே 'அவன்' போதும். அவனிடம் ஜப்பானிலிருந்து வந்த சிவப்புக் கார் ஒன்று இருந்தது. உள்ளே இருந்த சின்ன எஞ்சினைக் கழற்றிவிட்டு ஆறு சிலிண்டர் எஞ்சின் வைத்திருப்பதாக ஒவ்வொரு வாரமும் சொல்வான். அசல் பதிவைக் கேட்ட முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது வெறும் நாலு சிலிண்டர். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவனுக்குத் தேவைப்பட்டது நான்.

"சிஸ்டர், நம்ம வண்டிக்கு மட்டும் கொஞ்சம் வெயிட்டா போடுங்க" என்பான். பிரேசர் டவுனில் ஒருவரிடம் உண்மையான ஆறு சிலிண்டர் கார் இருந்தது. அதன் சத்தத்தைப் பதிவுசெய்து வைத்திருந்தேன், அதைப் போட்டேன். டிவியில் இதெல்லாம் சகஜம், எனக்கு உறுத்தவில்லை.

என்னிடமும் ஒரு கார் உண்டு. அதுவும் ஜப்பான் கார்தான், பலர் கை மாறி என்னிடம் வந்தது. பொம்மனஹள்ளியில் வாடகை வீட்டுக்குக் கீழே நிற்கும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து சைலன்சர், சஸ்பென்ஷன், சீட் என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். அதை ஒரு எபிசோடில் காட்டலாம் என்று அவனே கேட்டபோது, கழுவித் துடைத்து மாப்பிள்ளை போலக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அந்த வாரம் வேலூரில் என் தங்கைக்குக் கல்யாணம். நான் லீவில் இருந்ததால் ஒலி வேலையை வேறு ஆள் பார்த்தார். சனிக்கிழமை மாலை, மண்டபத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் டிவியைப் போட்டார்கள். என் கார் வந்தது. அவன் அதைச் சுற்றி நடந்தான், உட்கார்ந்தான், சாவியைத் திருப்பினான். டர்ர்ர்ரென்று ஆட்டோ சத்தம் வந்தது. அவன் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்து, "பொம்மனஹள்ளி, மீட்டர் மேல எவ்ளோ?" என்று கேட்டான்.

கல்யாண வீடே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நானும் பட்டுப்புடவையோடு சிரித்து வைத்தேன்.

திங்கட்கிழமை போய்க் கேட்டேன். "ஜாலிக்குத்தான் சிஸ்டர். அந்த சவுண்ட் என் ஐடியாதான், செமயா ஒர்க் ஆச்சு" என்றான்.

அதன்பிறகு சிக்னலில் நின்றால் பைக்கில் வந்தவர்கள் குனிந்து, "ஆட்டோ, பர்த்தீரா?" என்று கன்னடத்தில் சவாரிக்குக் கூப்பிட்டார்கள். ஹெப்பால் தாண்டி ஒரு காபிக் கடை வாசலில் ஞாயிறு காலை கார்ப் பிரியர்கள் கூடுவோம். அங்கே யாரோ என் கண்ணாடியில் ஆட்டோ கட்டண அட்டையை ஒட்டினார்கள். காருக்கு உறையைப் போட்டு மூடினேன். பிறகு வெளியே எடுக்கவே இல்லை.

பதறாத காரியம் சிதறாது. காத்திருந்தேன்.

கடைசி எபிசோடில் அவனுடைய சிவப்புக் கார் பந்தயத் தளத்தில் ஓடியது. அன்று மைக்கைப் பின் பம்பருக்கு அடியில் கட்டியிருந்தார்கள், சத்தம் பளிங்கு மாதிரி பதிவாகியிருந்தது. நான் அதில் எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவில்லை. மைக் கேட்டதை அப்படியே விட்டேன். தயாரிப்பாளர் விளம்பரதாரர் பெயர் சரியாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தார். அவன் தன் முகத்தைப் பார்த்தான். அடுத்த சீசனுக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று தெரியும். போகட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

கார்ப் பிரியர்களுக்குக் கண்ணைவிடக் காது கூர்மை. சனிக்கிழமை மாலை ஒளிபரப்பானது, நாலு சிலிண்டர் சத்தம் அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. மறுநாள் ஞாயிறு. உறையை உருவிவிட்டு என் காரில் ஹெப்பாலுக்குப் போனேன்.

அந்தக் கூட்டத்தில் பானெட்டைத் திறந்து எஞ்சினைக் காட்டுவதுதான் மரியாதை. அவன் மட்டும் திறந்ததே இல்லை. எல்லோருக்கும் முன்னால் வருவான், கடைசி ஆளாகப் போவான். பெரிய மனுஷனுக்கு எவ்வளவு அடக்கம் என்று மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். அன்று அவனைச் சுற்றி ஒரே கூட்டம். "பானெட் தெகி குரு!" என்று பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பையன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவன் என்னைப் பார்த்துவிட்டான். "இதோ, சவுண்ட் பண்ற சிஸ்டர். இவங்களையே கேளுங்க. என் வண்டி சத்தத்தை இவங்கதான் மாத்திட்டாங்க!"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. எவ்வளவு நல்லவன், நான் கேட்காமலே வாய்ப்பைக் கையில் கொடுத்தான்.

"இந்த எபிசோடுக்கு நான் ஒண்ணுமே மாத்தல சார்" என்றேன். "மத்த எபிசோடுக்கெல்லாம்தான் மாத்தினேன். நீங்கதான வெயிட்டா போடச் சொன்னீங்க?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு வேலூர் மண்டபத்தில் கேட்ட அதே சிரிப்பு. அது இப்போது என் காதுக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் பாவம் என்பீர்கள். சொல்கிறேன், மிகவும் இனித்தது.

அவன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். பானெட்டைத் திறக்க முடியாது. கிளம்பிப் போகலாம் என்றால் சாவியைத் திருப்ப வேண்டும், திருப்பினால் அத்தனை பேருக்கும் கேட்கும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் கலைவதற்காக உட்கார்ந்திருந்தான்.

நான் என் கார் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, இன்னொரு காபி சொன்னேன்.