கொட்டு மேளத்தோடு வந்த சீர்

லஞ்சம் என்றால் யாருக்கும் தெரியாமல் வாங்குவது என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் கம்பெனி மேலாளர் அதைக் கொட்டு மேளத்தோடு, மைக் வைத்து, பந்தலில் உட்கார்ந்து வாங்கினார். நானும் அந்தப் பந்தலில் சாப்பிட்டேன்.

மண்டபம் பக்கம் ஒரு நண்டுக் கம்பெனியில் சரக்கின் தரம் பார்க்கும் வேலை எனக்கு. கரைக்கு வரும் நண்டை அவித்துக் கொடுத்தால், பெண்கள் ஓட்டை உடைத்துச் சதையைப் பிரித்தெடுப்பார்கள். அதை டப்பாவில் அடைத்து, ஐஸில் புதைத்து, தூத்துக்குடிக்கு வண்டி ஏற்றுவோம். நண்டுச் சதைக்கு ஐஸ்தான் உயிர். ஐஸ் கொஞ்சம் ஏமாற்றினாலும் நாற்றம் காட்டிக் கொடுத்துவிடும்.

அந்தக் கோடையில் ஐஸ் ஏமாற்ற ஆரம்பித்தது. மேலாளர் புதிதாக ஓர் ஐஸ் ஆலையைப் பிடித்திருந்தார். அங்கிருந்து வந்த கட்டிகள் வெளுத்துப்போய், கை பட்டாலே பொலபொலவென்று உதிர்ந்தன. மதியத்துக்குள் பெட்டியில் தண்ணீர்தான் கிடந்தது. அவரிடம் போய்ச் சொன்னேன்.

“வெயில் காலம்மா. ஐஸு உருகாம பின்ன என்ன செய்யும்?” என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு நாள், போன சரக்கு முழுவதும் கெட்டுவிட்டது என்று வண்டி திரும்பி வந்தது. மதுரையில் இருக்கும் முதலாளி போனில் கத்தினார். மேலாளருக்கு உடனடியாக ஒரு குற்றவாளி தேவைப்பட்டது.

மண்டபம் அகதி முகாமிலிருந்து வரும் ஓர் அக்காவைப் பிடித்தார். இலங்கையிலிருந்து சின்னப் பிள்ளையாக வந்தவர். கம்பெனி தொடங்கியதிலிருந்து நண்டு உடைக்கிறார். மகளை நர்சிங் படிக்க வைப்பது அந்த ஒரு வேலையை நம்பித்தான். வேலை முடிந்து பெண்களெல்லாம் கேட்டில் பையைத் திறந்து சோதனைக்கு நிற்கும் நேரம் பார்த்து, எல்லோர் முன்னாலும் மேலாளர் சொன்னார்: “இவ கையக் கழுவாம சரக்கத் தொட்டுருக்கா. இவளாலதான் வண்டி திரும்பிருச்சு. நாளையிலருந்து வராத.”

உள்ளூர்ப் பெண் ஒருத்தியைச் சொல்லியிருந்தால் அவளுடைய அண்ணன் தம்பி வந்து நின்றிருப்பான். முகாமிலிருந்து யார் வருவார்கள்? ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்! பேச்சு மற்ற கம்பெனிகளுக்கும் போய்விட்டது. சரக்கைக் கெடுக்கிறவள் என்று எங்கேயும் அவரைச் சேர்க்கவில்லை.

அந்த மாதமே மேலாளர் மகனுக்குக் காதுகுத்து, முதுகுளத்தூர் பக்கம் அவருடைய கிராமத்தில். கம்பெனியில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தார். எங்கள் பக்கம் பத்திரிகை வைத்த பிறகு போகாமலிருந்தால் பகை. போனேன்.

பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது தெருமுனையில் வேட்டுச் சத்தம். கொட்டு முன்னால் வர, பின்னால் வரிசையாகச் சீர்த்தட்டுகள். பட்டுத்துணி, பழம், தங்கச் சங்கிலி, கழுத்தில் மாலை போட்ட கிடாய்கள். மைக் பிடித்தவர் முழங்கினார்: “ஐஸ் ஆலை அதிபர் அண்ணாச்சி, தாய்மாமனுக்கு நிகரா கொண்டு வாராக!” உண்மையான தாய்மாமன் கையில் ஒரே ஒரு தட்டோடு பந்தல்கால் ஓரமாக ஒதுங்கி நின்றார், பாவம்.

“இவரு இவங்களுக்கு என்ன முறை?” என்று பக்கத்து இலைக்காரரிடம் கேட்டேன்.

“ஐஸு வாங்குற முறைதான்,” என்று சிரித்துவிட்டு அவர் எலும்பைக் கடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஐஸ் வண்டி வந்ததும் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டேன். உப்புக் கரித்தது. நல்ல தண்ணீரை லாரியில் வாங்கி உறைய வைக்க வேண்டிய மனிதர், கடலோரப் போர்வெல்லின் உப்புத் தண்ணீரை உறைய வைத்து நல்ல ஐஸ் என்று எங்களுக்கு விற்றிருக்கிறார். உப்புத் தண்ணீர் ஐஸ் சீக்கிரம் உருகிவிடும். அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பதற்குத்தான் கிடாயும் சங்கிலியும்.

முதலாளி வந்த அன்று ஒரு டம்ளரில் ஐஸைப் போட்டு நீட்டினேன். வாயில் வைத்தவர் தூவென்று துப்பினார். நான் பந்தலில் பார்த்ததையும் சொன்னேன். மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

மேலாளர் அசரவில்லை. “அது செய்முறைண்ணே. நாளைக்கு அவரு வீட்டு விசேசத்துக்கு நான் திருப்பிச் செய்யணும்ல?”

“அதான் திருப்பிச் செஞ்சுட்டீங்களே சார், நம்ம சரக்க வச்சு!” என்றேன். வாயை அடக்க முடியவில்லை.

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் காதுகுத்துக்கு அவரும் ஒரு கிடாய் அனுப்பியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. “சரிம்மா. செய்முறையப் போயி லஞ்சம்னு சொல்லக் கூடாது. ஐஸ மாத்திருவோம். அந்தப் பொம்பளையவும் வரச் சொல்லிரு. ஆனா இத வெளிய பேசாத, கம்பெனி பேரு கெட்டுரும்.”

அவ்வளவுதான். ஒருவன் கம்பெனியையே விற்றுக் கிடாய் வெட்டியிருக்கிறான். அதற்குப் பெயர் உறவாம்.

சாயங்காலமே முகாமுக்குப் போனேன். அக்கா குழாயடியில் வரிசையில் நின்றார். ஐஸ்தான் காரணம், முதலாளிக்கே தெரிந்துவிட்டது, நாளைக்கே வேலைக்கு வரலாம் என்றேன்.

“நான் கெடுக்கேல்லை எண்டு அந்தப் பொம்பிளையளுக்குச் சொல்லுவினமோ?” என்று கேட்டார்.

“நான் சொல்றேன்க்கா. யாரு தடுக்குறான்னு பாப்போம்.”

“நீங்கள் சொல்லி என்ன பிள்ளை? வாசலிலை வச்சு என்னைக் கலைச்சுத் துரத்தினவர்தான் வாசலிலை வச்சுச் சொல்லவேணும்.”

அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் மேலாளரிடம் போய் அதை அப்படியே கேட்டேன். ஒரே ஒரு வார்த்தை, கேட்டில் நின்று, பெண்கள் முன்னால்.

நான் ஏதோ தகாத வார்த்தை பேசிவிட்டதைப் போல அவர் முகம் சிவந்தது. “ஏம்மா, ஊருல நாலு பேருக்குச் செய்முறை செஞ்சு வாழுற குடும்பம் எங்க குடும்பம். அவகிட்டப் போயி நான் அப்படிச் சொன்னா, என் மானம் என்னாகுறது?”

அக்கா வேலைக்குத் திரும்பி வரவே இல்லை.