சிவப்புக்குச் சிவப்பு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கபிரியேலைத் தெரியாத ரயில்வேக் குடும்பம் கிடையாது. தெரியும் என்றால், கெட்டதாக எதுவும் தெரியாது. கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் ஆளாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறவன். இப்படிப்பட்ட மனுஷனுடைய வாழ்க்கையில் சொல்ல என்ன இருக்கப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிள்ளான் லைனில் அவன் சிக்னல்காரன். அவன் அப்பாவும் ரயில்வே கேட்டில் கொடி பிடித்தவர்தான். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இங்கே இவன் பச்சை காட்டினால் ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து கார்டும் பச்சை காட்டுவார். இவன் சிவப்பு காட்டினால் அங்கேயிருந்தும் சிவப்பு வரும். “உன் கொடியைப் பார்த்துவிட்டேன்” என்று அதற்கு அர்த்தம். பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு. பதில் வருகிற வரைக்கும் கபிரியேல் கையை இறக்க மாட்டான். வந்துவிட்டால் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும், பிள்ளை பத்திரமாக வீடு திரும்பிய மாதிரி.

ரப்பர் விலை அடிமட்டத்துக்கு விழுந்த காலத்தில் ரயில்வேயில் ஆள் குறைத்தார்கள். கபிரியேலும் போனான். குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸும் போயிற்று. மனைவி சாந்தமேரியோடு ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பின்கட்டில் ஒண்டிக்கொண்டு, கிடைத்த கூலிவேலை செய்தான். சொந்தக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டுப் பெண்கள் சொல்லாமலே சொன்னார்கள். சாந்தமேரி அடுப்படிக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும்.

அந்த நேரத்தில்தான் கோலாலம்பூருக்குத் தெற்கே, ஈயம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கிய ஈயக்குட்டைகளுக்கு நடுவில், ஒரு புல்திடலை விமானம் இறங்கத் தயார் செய்தார்கள். கீழே நின்று விமானத்துக்குக் கொடியும் விளக்கும் காட்ட ஓர் ஆள் வேண்டும். ரயில்வேயில் கொடி பிடித்தவன் என்றதும் கபிரியேலைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். முதலில் பழகுநர் வேலை. தேறினால் நிரந்தரம், திடலை ஒட்டி ஒரு வீடு. தேறாவிட்டால் மறுபடி பின்கட்டுதான்.

படிக்க ஒரு விதிப் புத்தகம் கொடுத்தார்கள். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு அவனுக்குத் தெரியும். சாந்தமேரிக்கு அதுவும் தெரியாது. ஆனாலும் கேள்வி கேட்கிறவள் அவள்தான். அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள், அவன் ஒப்பிப்பான்.

“பச்சை காட்டினா?”

“எறங்கலாம்.”

“செவப்பு காட்டினா?”

“எறங்கக்கூடாது. சுத்திட்டு வரணும்.”

“மேலேருந்து அவன் செவப்பு வாணம் விட்டா?”

“ஆபத்துலே இருக்கான். மத்ததெல்லாம் விட்டுட்டு ஒடனே எடம் கொடுக்கணும். பச்சை காட்டணும்.”

“அப்பாடி, தேறிடுவீங்க,” என்பாள். கேட்டுக் கேட்டு அவளுக்கே எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. புது வீட்டில் அடுப்பை எந்தப் பக்கம் போடுவது என்று கூட அவள் முடிவு பண்ணிவைத்திருந்தாள்.

வேலையிலும் குறை சொல்ல முடியாது. திடலுக்கு அடிக்கடி வந்து இறங்குகிறவர் ஓர் இளவட்டத் துரை, ரப்பர் தோட்டம் ஒன்றில் பெரிய துரைக்கு அடுத்த சின்னத்துரை. இறங்கியதும் கபிரியேலைப் பார்த்துக் கையைத் தூக்காமல் போக மாட்டார். மற்ற துரைகளுக்குக் கபிரியேல் என்று ஓர் ஆள் அங்கே நிற்பதே தெரியாது. அதனால் அந்தச் சின்னத்துரை மேல் இவனுக்கு ஒரு தனிப் பிரியம்.

அன்றைக்கு மத்தியானமே பத்துமலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. திடலில் நாகையா மாட்டைப் பூட்டிப் புல்வெட்டும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். முதல் இடி இடித்ததும் மாடு மிரண்டு, ஓர் ஓரமாகப் படுத்துவிட்டது. நாகையா வாலை முறுக்குகிறான், கெஞ்சுகிறான், அதன் ஆத்தாளைத் திட்டுகிறான். அது அசையவில்லை. தூறல் விழ ஆரம்பித்தபோது வடக்கே விமானச் சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்தே சின்னத்துரை என்று கபிரியேலுக்குத் தெரிந்துவிட்டது.

தண்டவாளத்தில் ஒரு மாடு நின்றால் முழு லைனும் அடைப்பு. அவனுக்கு அதுதான் தெரியும். திடல் தண்டவாளம் இல்லை, மாட்டுக்கு இந்தப் பக்கம் தாராளமாக இடம் கிடந்தது. ஆனால் கை முந்திக்கொண்டது. சிவப்பு விளக்கை எடுத்துத் தூக்கிப் பிடித்தான். தாழ வந்த விமானம் சொன்ன பேச்சைக் கேட்டு மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது.

இந்தத் தடவை அதிலிருந்து ஒரு சிவப்பு வாணம் பாய்ந்து, மழையில் எரிந்தபடி கீழே விழுந்தது.

“அண்ணே, மேலேருந்து என்னமோ செவப்பா விடுறாரு!” என்று நாகையா கத்தினான்.

“பாத்துட்டாரு, பாத்துட்டாரு!” என்றான் கபிரியேல். அவன் முகத்தில் அந்தப் பழைய நிம்மதி. சிவப்புக்குச் சிவப்பு வந்துவிட்டது. சந்தோஷத்தில் விளக்கை இன்னும் உயரத் தூக்கிக் காட்டினான்.

சின்னத்துரை அந்த விளக்கை நம்பினார். மழையில் தன் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கீழே குறுக்கே கிடக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். மறுபடி மேலே திருப்பினார். இயந்திரம் இரண்டு தடவை இருமியது. பிறகு மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. விமானம் திடலைத் தாண்டி, ஈயக்குட்டைக்குள் போய் விழுந்தது. கபிரியேல் ஓடிப்போய்க் கரையில் நின்றபோது தண்ணீரில் வால் மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் புத்தகத்தில் இருந்த அந்த வரி அவனுக்கு ஞாபகம் வந்தது. கையில் இருந்த விளக்கு அப்போதும் சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தது.

விசாரணை நடந்தது. விமானம் பற்றித் தெரிந்தவர்கள் அந்த நாளில் ரொம்பப் பேர் இல்லை. விசாரிக்க வந்தவர் சிக்னல் வேலையிலேயே தலை நரைத்துப்போன ஒரு ரயில்வே துரை. கபிரியேல் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனான். வழியெல்லாம் செபமாலை உருட்டிக்கொண்டு போனான்.

“ஏன் சிவப்பு காட்டினாய்?”

“திடல்லே மாடு கெடந்துச்சு, துரை.”

“விமானத்திலிருந்து பதில் வந்ததா?”

“வந்துச்சு துரை. செவப்பு.”

துரையின் முகம் தெளிந்தது. கபிரியேலுக்கு ரொம்பத் தெரிந்த நிம்மதி அது. “அப்படியானால் உன் சிக்னலைப் பார்த்திருக்கிறார். பெட்ரோல் இல்லாமல் சுற்றியது அவர் தவறு. உன் மேல் குற்றம் இல்லை,” என்றார்.

கபிரியேல் வாயைத் திறந்தான். ஒரு வார்த்தை போதும். அது ரயில் இல்லை துரை, அந்தச் சிவப்புக்கு வேறே அர்த்தம் என்று சொன்னால் போதும். பின்கட்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. சாந்தமேரி நுழைந்ததும் நின்றுபோகிற பேச்சு காதில் கேட்டது. துரை போகலாம் என்று தலையை அசைத்தார். இவனும் சலாம் வைத்துவிட்டு வந்துவிட்டான். கோழை என்று சொல்லுங்கள், நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பின்கட்டில் ஒருநாள் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து, “வேலை நெலைச்சிருச்சு. வீடும் குடுக்கறாங்க,” என்றான். சாந்தமேரி அடுப்படியில் இருந்தாள். திரும்பவில்லை. காலையில் பாசாரில் அவளுக்கு நாகையா எதிர்ப்பட்டிருந்தான். பார்த்ததையெல்லாம் அவளிடம் சொல்லியிருந்தான்.

சோற்றைப் போட்டுத் தட்டை முன்னால் வைத்தாள். எதிரே உட்கார்ந்து, எப்போதும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

“மேலேருந்து அவன் செவப்பு வாணம் விட்டா?”

கபிரியேல் குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். அவளே மெதுவாகப் பதிலைச் சொன்னாள்.

“ஒடனே எடம் கொடுக்கணும்.”

அடுத்த வாரம் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே அந்த ஈயக்குட்டை. சாந்தமேரி அடுப்பை வேறு பக்கம் திருப்பிப் போட்டாள்.