கொசு அக்காவின் இரண்டாவது ஸ்லைடு

அந்த ஆஸ்பத்திரி லேப்பில் ஒரே ஒரு மைக்ராஸ்கோப், ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர் கொசு அக்கா. வைத்தது அவளுடைய சொந்தத் தம்பிதான். லாரியில் மூட்டை ஏற்றுகிறவன், வாய் நீளம். "கொசுவாச்சும் குத்திட்டுப் பறந்துடும். எங்க அக்கா குத்திட்டு ரிப்போர்ட்டும் குடுப்பா" என்று ஒருநாள் வராந்தாவில் நின்று கத்திவிட்டுப் போனான். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்த மாதிரி நடித்தாளே தவிர, யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்த்துவிடுவாள்.

அந்தத் தம்பியைத்தான் அன்று மதியம், கொட்டுகிற மழையில், அவன் மனைவி கூட்டிக்கொண்டு வந்தாள். கூட்டிக்கொண்டு என்ன, தூக்கிக்கொண்டு. காட்டுப்பக்கம் மரம் ஏற்றப் போய்வந்ததிலிருந்தே காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

"டேய், நான்தாண்டா, கொசு வந்திருக்கேன்" என்று அவன் விரலில் ஊசியை இறக்கினாள் அக்கா. எப்போதும் ஊரைக் கூட்டுகிறவன், ஒரு முனகல்கூட இல்லை. அந்த விரல் அப்படியே கிடந்தது. அதுதான் அவளைக் கலக்கியது.

டாக்டர் தலையைச் சொறிந்தார். "மலேரியான்னா இங்கயே ஊசியை ஆரம்பிச்சுடலாம், ரோட்டுல அலைக்கழிச்சா தாங்க மாட்டான். மூளைக்காய்ச்சல்னா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்தியாகணும். மலேரியா பாக்குற டெஸ்ட் கிட்டும் தீர்ந்துபோச்சு. ஸ்லைடைப் பாத்துச் சொல்லும்மா, வண்டியை ரெடியா நிறுத்தச் சொல்றேன்."

கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடிமனாக ஒரு வட்டம் தேய்த்தாள். அது தானாகக் காய வேண்டும். பிறகு சாயத்தில் போட்டால் சிவப்பணுக்கள் உடைந்து கரைந்துபோகும், ஒளிந்திருக்கிற கிருமி மட்டும் தனியாகத் தெரியும். சூடு பட்டால் போச்சு. அணுக்கள் வெந்து ஒட்டிக்கொள்ளும், கரையவே கரையாது. இதை நர்சுகளிடம் அவளே எத்தனை தடவை கத்தியிருக்கிறாள்! ஆனால் மழை ஈரத்தில் அந்த வட்டம் காய்வேனா என்றது. வெளியே வண்டி உறுமிக்கொண்டு நின்றது. மேஜை விளக்கின் குண்டு பல்ப் பக்கத்தில் ஸ்லைடைக் கொண்டுபோனாள். கொஞ்ச நேரம், அவ்வளவுதான்.

மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால் ஒரே கலங்கல். ஊதாச் சேறு. கிருமி இருக்கிறதா, இல்லையா, எதுவுமே தெரியவில்லை. பல்ப் ஞாபகம் வந்தது.

டாக்டர் வாசலில் நின்றார். "நெகட்டிவா?"

"இல்ல சார். ஸ்லைடை நான் கெடுத்துட்டேன். சூடு காட்டிட்டேன்."

"நீயா?"

"நான்தான் சார். வண்டியைக் கிளப்பிடாதீங்க. இன்னொன்னு எடுத்துட்டு வரேன், கால்ல வேணா விழறேன்."

"விழற நேரத்துல ஓடும்மா!"

ஓடினாள். மறுபடி விரல், மறுபடி ஊசி, மறுபடி அசைவில்லை. இந்தத் தடவை ஒரு துளியை மெல்லிசாக இழுத்துப் பரப்பினாள். இது சீக்கிரம் காயும். இதில் அணுக்கள் உடையாது, முழுசாக நிற்கும். எவன் எந்த வீட்டுக்குள் புகுந்திருக்கிறான் என்று அப்படியே தெரியும்.

சாயம் பிடிக்கிறவரை அவளுக்குப் பயிற்சியில் காட்டிய படம்தான் கண்ணுக்குள் ஓடியது. ஒரு சிவப்பணுமேல் அந்தப் பொடிக் கிருமி வந்து மோதுகிறது. அணு குழிந்து நெளிகிறது. கிருமி புரண்டு தன் கூர்முனையை அதன் தோலில் வைக்கிறது. கதவைத் தேடுவதில்லை. பிடிமானத்தைத் தானே கொண்டுவந்து அணுவின் தோலில் பதித்து, அதையே பற்றிக்கொண்டு உள்ளே தன்னை இழுத்துக்கொள்கிறது. போகும்போது அந்தத் தோலையே போர்வையாகச் சுற்றிக்கொள்கிறது. ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை. அப்புறம் உள்ளே உட்கார்ந்து வீட்டுக்காரனையே தின்று, பெருகி, வெடித்து வெளியே வந்து, ஒவ்வொன்றும் அடுத்த வீட்டைத் தேடும். அந்தப் படத்தைப் பார்த்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். இப்போது அந்தக் கையை வெட்டிப்போடலாம் போலிருந்தது.

கண் வைத்தாள். மோதிரங்கள். உள்ளே புகுந்த கிருமி சாயத்தில் இப்படித்தான் தெரியும். பொடிப்பொடி மோதிரங்கள், ஓர் அணுவுக்குள் இரண்டுகூட.

"மலேரியா சார்! கெட்ட வகை! நெறைய இருக்கு!" என்று கத்திக்கொண்டே வராந்தாவில் ஓடினாள். ஊசி ஏறியது. வண்டியின் உறுமல் நின்றது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலை எடுத்த ஸ்லைடில் மோதிரங்கள் கூடியிருந்தன.

"மருந்து போட்டும் ஏறுதே சார்."

"ரத்தக்குழாய்ல ஒட்டி ஒளிஞ்சிருந்ததெல்லாம் வெளிய வருது. சில பேருக்கு இப்படி ஆகும். பொறுத்துப் பாப்போம்" என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

தம்பி மனைவி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். "அண்ணி, நேத்து நீங்க மொதல்ல எடுத்தது கெட்டுப்போச்சாமே. அதனால லேட்டாயிடுச்சா?"

அக்காவால் பொய் சொல்ல முடியவில்லை. "ஆயிடுச்சுடி."

தம்பி மனைவி திட்டியிருக்கலாம். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அது திட்டைவிட மோசம்.

சாயங்காலம் மறுபடி ஊசியை எடுத்தாள். குத்திக் குத்தியே அந்த விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருந்தது. "மன்னிச்சுக்கடா" என்று முணுமுணுத்துக்கொண்டே குத்தினாள்.

விரல் வெடுக்கென்று பின்னால் போனது.

துளி ஸ்லைடில் விழவில்லை, போர்வையில் விழுந்தது. அவன் கண் திறக்கவில்லை. புருவம் மட்டும் சுருங்கியது, எரிச்சலில் சுருங்குகிற அதே சுருக்கம்.

"அண்ணி, கையை இழுத்தாரு! பேசுவாரா அண்ணி? பொழைச்சுப்பாரா?"

"தெரியலடி, எனக்கு ஒண்ணும் தெரியல." அக்கா அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத குரலில் கத்தினாள். "ஆனா வலிக்குதுடி அவனுக்கு. நான் குத்தினது வலிக்குது!"