வாரிசுரிமைச் சிறுநூலும் வெஸ்ட் வின்ட்சர் தஸ்தகீரும்

ஆம்பூரில் பிறந்து, நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில் வீடு வாங்கி, ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் டேட்டாபேஸ்களைப் பராமரித்துவரும் ஜனாப் தஸ்தகீருக்கு ஐம்பத்து மூன்று வயது வரை எதிரி என்று யாரும் இல்லை. கொலஸ்ட்ரால் மட்டும் இருந்தது. அதுவும் கட்டுக்குள் இருந்தது. சென்ற வருடம் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தக் குறை தீர்ந்தது. மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் மகாதேவன் எதிரியானார்.

இருவரும் ஒரே காரில்தான் போனார்கள் என்பதைச் சரித்திரம் மறக்கக் கூடாது. காலமான ஒரு வக்கீலின் வீட்டில் எஸ்டேட் சேல். அவருடைய பிள்ளைகள் நால்வரும், ஒருவரோடொருவர் பேசாமல், ஆளுக்கோர் அறையில் நின்று அப்பாவின் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். தஸ்தகீர் ஓர் அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்தார். உள்ளே துருப்பிடித்த ஸ்டேப்ளர், மூன்று டை, அடியில் பழுப்பேறிய மெல்லிய சிறுநூல் ஒன்று. புரட்டினார். சொத்து, மூத்த மகன் என்றெல்லாம் இருந்தது. பிடித்துப் போயிற்று. விலையைக் குறைக்கச் சொன்னார். வக்கீலின் மூன்றாவது மகன் தலையாட்டி மறுத்தான்.

தமிழ்நாட்டில் சாமான் வாங்கப் பழகிய எவரும் செய்வதைத்தான் தஸ்தகீரும் செய்தார். பெட்டியைக் கீழே வைத்தார். முகத்தில் அலட்சியத்தை வரவழைத்துக்கொண்டு மெல்ல நடந்தார். ஏழாவது அடிக்குள் கடைக்காரர் கூப்பிட்டாக வேண்டும் என்பது விதி. இந்த விதி நியூ ஜெர்சியில் அமலில் இல்லை. தஸ்தகீர் குளியலறை வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். சொன்ன விலையைக் கொடுத்துப் பெட்டியோடு நின்றிருந்தார் மகாதேவன்.

“நீங்க வெச்சுட்டுப் போய்ட்டீங்களேன்னு எடுத்தேன் பாய். வேணுமா?”

“ச்சேச்சே, அந்தக் குப்பை எனக்கெதுக்கு சார்?”

தம் வாழ்நாளில் அவர் பேசியவற்றுள் மிக அதிகமாக வருந்திய வாக்கியம் இதுவே.

மகாதேவன் சிறுநூலைப் பக்கத்து ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். மூன்று மாதத்தில் சங்கம் அதன் சரித்திரத்தைத் தோண்டி எடுத்துவிட்டது. அமெரிக்கா விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆனபோது டிரென்டனில் அச்சானது, முப்பத்திரண்டு பக்கம், ஆசிரியர் பெயர் கிடையாது. உயில் எழுதாமல் செத்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே என்பது இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த வழக்கம். புது நாடு அதை ஒவ்வொரு மாநிலமாகக் கைவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பெண்களுக்கும் சேர்த்துச் சரிபாகமாகப் பிரி என்று வாதாடியது இந்த நூல். முதல் பக்கத்து ஓரத்தில் யாரோ மையால் எழுதியிருந்தார்கள்: “இதை எழுதியவன் என் தம்பி. பண்ணை எனக்கு வந்த நாளிலிருந்து அவனுக்குச் சரியான தூக்கம் இல்லை.” உலகில் மிஞ்சியிருந்தது இந்த ஒரே பிரதி. அண்ணனின் பேத்தி, அவளைக் கட்டியவன், அவன் வழி வந்த வக்கீல்கள் என்று கைமாறிக் கடைசியில் சங்கத்தின் கண்ணாடிப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. கீழே அட்டை: “கண்டெடுத்தவர்: மகாதேவன்.”

தஸ்தகீர் அந்த அட்டையைப் பதினொரு முறை போய்ப் பார்த்தார்.

“அதுல என்ன புதுசா எழுதியிருக்கப் போறாங்கன்னு வாராவாரம் ஓடறீங்க?” என்றார் மனைவி ரசியா பேகம்.

“எடுத்தது நான், ரசியா. முதல்ல தொட்டது இந்தக் கை. அட்டையில ஒரு ஓரமா என் பேரு வந்தாப் போதும்.”

“தொட்டவங்க பேரெல்லாம் போட்டா சுவரு பத்தாதுங்க.”

“அத்தா, ப்ளீஸ், லெட் இட் கோ,” என்றாள் மகள் தஹ்ஸீன், போனிலிருந்து தலை தூக்காமல்.

பன்னிரண்டாவது முறை சென்றபோதுதான் கவனித்தார். நூலின் நான்கு மூலைகளிலும் விரல் நுனி அளவுக்கு மஞ்சள் கறை. அதற்கும் ஒரு தனி அட்டை வைத்திருந்தார்கள். இனம் தெரியாத மஞ்சள் சாயம் என்றும், அக்கால வக்கீல்கள் இட்ட ரகசிய அடையாளமாக இருக்கலாம் என்றும், அடுத்த மாதம் காப்பாளர் மார்கரெட் அம்மையார் இதைப் பற்றி உரையாற்றுவார் என்றும் எழுதியிருந்தது. ஊரில் வந்த கல்யாணப் பத்திரிகை எத்தனையைத் தஸ்தகீர் பார்த்திருப்பார்! அன்று வீடு திரும்பும் வழியில், ரெட் சிக்னலில்கூட, அவர் சிரித்த முகமாகவே நின்றார்.

உரைக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். மகாதேவன் கோட்டுப் போட்டு முன்வரிசையில் இருந்தார். மார்கரெட் அம்மையார் முக்கால் மணி நேரம் ரகசிய அடையாளத்தை விளக்கினார். முடிந்ததும் தஸ்தகீர் எழுந்தார்.

“மேடம், அது மஞ்சள் தூள். நாங்க சாம்பாருக்குப் போடறது. இருநூறு வருஷம் இல்ல, ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. மிஸ்டர் மகாதேவன் வீட்ல கேளுங்க.”

சபை திரும்பிற்று. பின்வரிசையில் கேசரித் தட்டோடு நின்றிருந்தார் மகாதேவனின் மனைவி பர்வதம்.

“ஆமா, நான்தான் வெச்சேன்,” என்றார் பர்வதம், கணவரைப் பார்த்து. “நீங்கதானே சொத்து சம்பந்தப்பட்ட பேப்பர்னு சொன்னீங்க? மூலைல மஞ்சள் வைக்காம எப்படி வீட்டுக்குள்ள கொண்டு வர்றது? நம்ம வீட்டு டாக்குமென்ட்டுக்கும்தான் வெச்சேன். பேங்க்ல ஒண்ணும் சொல்லலையே.”

மகாதேவன் கோட்டுக்குள் சுருங்கினார். அந்த ஒரு நிமிடம் தஸ்தகீர் உட்கார்ந்த நாற்காலி சிம்மாசனம்.

அடுத்த நிமிடம் மார்கரெட் அம்மையார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். தம்முடைய முக்கால் மணி நேரம் வீணானதற்காக அல்ல. பெண்களுக்குப் பங்கு கேட்ட நூலை, வீட்டுச் சொத்தாகவே மதித்து ஒரு பெண் வரவேற்றிருக்கிறாளே என்று. ஒரு நூலின் சரித்திரம் என்பது அதை வைத்திருந்தவர்கள் அதற்குச் செய்ததெல்லாம்தான் என்றார். சபை எழுந்து நின்று கைதட்டியது. உள்ளூர்ப் பத்திரிகையில் பர்வதத்தின் படம், கேசரித் தட்டோடு.

புது அட்டை வந்தது: “மஞ்சள் இட்டவர்: பர்வதம். அடையாளம் சொன்னவர்: கூட்டத்திலிருந்த ஒருவர்.”

தஸ்தகீர் சங்கத்துக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதினார். பெயரைச் சேர்க்கலாம், நூலை அளித்தவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று பதிலோடு ஒரு படிவம் வந்தது. அளித்தவர் என்றால் மகாதேவன். மூன்று நாள் யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை படிவத்தோடு போனார்.

மகாதேவன் டிரைவ்வேயில் நின்று, சுத்தமாக இருந்த காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உள்ள போகாதீங்க பாய். டிவிக்காரங்க வந்திருக்காங்க. பர்வதத்துக்கு இன்டர்வியூ.”

“நீங்க உள்ள இல்லையா?”

“ஃப்ரேம்ல நான் வரேனாம். வெளிய வெயிட் பண்ணச் சொல்லிட்டாங்க.” மகாதேவன் துணியைப் பிழிந்தார். அதில் தண்ணீரே இல்லை. “அந்த மஞ்சத் தூள் பாக்கெட்டு யாரு வாங்கினது பாய்? ஓக் ட்ரீ ரோடு இந்தியன் கடை வரைக்கும் டிரைவ் பண்ணிட்டுப் போய் நான்தான் வாங்கினேன். அதை ஒரு வார்த்தை சொல்றாளா பாருங்க.”

தஸ்தகீர் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மூலையில் கிடந்த இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு, காரின் மறுபக்கத்துக்குப் போனார்.

“சொல்லுங்க சார்,” என்றார். “முதல்லேர்ந்து சொல்லுங்க.”