பதினோரு பேர் வேண்டும்

பெண்கள் கிரிக்கெட் டீமுக்கு மேனேஜர் என்றால், பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஓடிப் பிடிக்கிறவள் என்று அர்த்தம். ஊரார் பெற்ற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விளையாட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

எனக்கு கிரிக்கெட் தெரியாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சாக்கு வியாபாரம் செய்தேன். ஜவ்வரிசி ஆலைகளில் பழைய சாக்கை வாங்கி, கிழிசல் தைத்து விற்பது. படித்தது ஐந்தாவது, மிச்சத்தை மண்டியில் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் ஜில்லா பெண்கள் டீமை நடத்திவந்த கல்லூரி பி.டி. டீச்சர் லில்லி, பந்து ஓடாமல் இருக்கத் தடுப்புக் கட்டுவதற்குச் சாக்கு கேட்டு வந்தார். நான் சொன்ன விலைக்கு அப்படியே தலையாட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பேரம் பேசத் தெரியாதவர் எப்படிப் பெற்றவர்களிடம் பேசிப் பெண்களைக் கூட்டிவருவார்? அன்றைக்கே மேனேஜர் ஆனேன்.

அப்போது நிலைமை இதுதான்: இரண்டு வருஷமாக எங்கள் ஜில்லா டீம் எட்டுப் பேர், ஒன்பது பேர் என்றுதான் போய் நின்றிருக்கிறது. கிரிக்கெட் சங்கத்துச் செயலாளர் முடிவாகச் சொல்லிவிட்டார். இந்த வருஷம் சேலத்தில் நடக்கும் போட்டியில் பதினோரு பேர் இறங்காவிட்டால், சேலம் ஜில்லா பெண்கள் டீம் என்ற பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம்.

ஜவ்வரிசிக் களம்

விளையாட மைதானம் எங்களுக்கு யாரும் தரவில்லை. ஆண்கள் டீம் காலையிலும் ஆடும், மாலையிலும் ஆடும். எனக்குச் சாக்கு போடுகிற ஆலை முதலாளி ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். அவருடைய ஆலையில் மாவு காயப்போடுகிற சிமென்ட் களம் வழவழவென்று ஒரு ஏக்கராவுக்குக் கிடந்தது. விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை எங்களுக்கு, அதற்குப் பிறகு மாவுக்கு என்று பேசி முடித்தேன்.

மூன்றாம் நாளே வினை. அன்று ஆட்கள் ஒரு மூலையில் சீக்கிரமே மாவைக் கொட்டிவிட்டார்கள். ஒரு பெண் தூக்கி அடித்த பந்து நேராக அதில் விழுந்து உருண்டு, வெள்ளை மாவில் சிவப்பாக ஒரு கோடு போட்டுவிட்டது. முதலாளி வந்தார். பந்தைக் கையில் எடுத்து, அழுத்தி, திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க சாக்குக்காரம்மா, ஜவ்வரிசி முத்தாட்டம் இருக்கோணும்னுதான் வியாபாரிக கேக்கறாங்க. பந்தாட்டம் இருக்கோணும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலீங்க.”

எருமையின் சம்மதம்

மாவில் பந்து விழக் கூடாது என்பதால், அதற்குப் பிறகு எங்கள் பெண்கள் யாரும் பந்தைத் தூக்கி அடிக்கவில்லை. தரையோடு தரையாக அடிப்பதில் மல்லசமுத்திரத்துப் பழனியம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. பந்து வீசுவதும் அவள்தான், ரன் எடுப்பதும் அவள்தான். ஆனால் அவள் அப்பா மேட்ச்சுக்கு அனுப்ப மாட்டேன் என்றார். பேன்ட் போடுவது, பஸ்ஸில் போவது எதுவும் அவருக்குப் பிரச்சினை இல்லை. வீட்டு எருமை பழனியம்மாள் கை பட்டால்தான் பால் சுரக்கும். “எருமைக்குக் கிரிக்கெட் தெரியாதுங்க. அஞ்சு மணிதான் தெரியும்” என்றார்.

நான் லாரிக்காரர்களிடமும் ஆலைக்காரர்களிடமும் பேரம் பேசியிருக்கிறேன், எருமையிடம் பேசியதில்லை. கடைசியில் பழனியம்மாளின் அழுக்குத் தாவணியை அவள் அம்மாவுக்குச் சுற்றிவிட்டுத் தொழுவத்துக்கு அனுப்பினேன். முதல் நாள் எருமை செம்பை உதைத்தது. இரண்டாம் நாள் திரும்பித் திரும்பி முகர்ந்தது. அந்த இரண்டு நாளும் நான் அந்த வீட்டிலேயே களியைத் தின்றுகொண்டு கிடந்தேன். என் கடையில் சாக்கு அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா நுரை ததும்பும் செம்போடு வெளியே வந்தார். அப்பா செம்பையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“எருமையே ஒத்துக்கிட்டு நிக்குது. இனி நான் ஒருத்தன் என்னத்தச் சொல்றதுங்க. கூட்டிட்டுப் போங்க.”

வாழப்பாடியில் தோற்றேன்

பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று லில்லி டீச்சர் பெயர்ப் பட்டியலை எழுதிக் கொடுத்தார். மேட்ச்சுக்கு முந்தின நாள் காலை வாழப்பாடியிலிருந்து சேதி: எங்கள் விக்கெட் கீப்பரை மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள். பஸ் பிடித்து ஓடினேன். மாப்பிள்ளை வீட்டார் வருவதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவையுங்கள் என்றேன், அடுத்த நாளுக்கு என்றேன், நானே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன் என்றேன். கொஞ்சம் கத்தவும் செய்தேன். அந்தப் பெண் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா மட்டும் கத்தவில்லை. முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டே நிதானமாகச் சொன்னார்.

“உங்களுக்குப் பதினோரு பேர் வேணும். எங்களுக்கு ஒருத்தர் போதும், அந்த ஒருத்தர் நாளைக்குத்தான் வர்றாரு.”

மெழுகிய பிட்ச்

அந்தக் காலத்தில் மைதானத்தில் மண்ணை இறுக்கி, அதன்மேல் கயிற்றுப் பாய் விரித்து, ஓரத்தில் ஆணி அடித்துத்தான் ஆடுவார்கள். போட்டி எங்கள் ஊரில் என்பதால் மைதானத்தைத் தயார் செய்வது எங்கள் பொறுப்பு. நான் வாழப்பாடியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வருவதற்குள், பிட்ச்சில் புழுதி பறக்கிறது என்று பெண்கள் அவர்களாகவே ஒரு காரியம் செய்திருந்தார்கள். எல்லாரும் காட்டு வேலை தெரிந்த பிள்ளைகள். கடலைக்கும் ராகிக்கும் களம் தயார் செய்வதுபோல, பிட்ச் முழுக்கச் சாணி கரைத்து ஊற்றி, அழகாக மெழுகி வைத்திருந்தார்கள்.

காலையில் வந்த அம்பயர் பாயைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார். லில்லி டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சண்டைக்குத் தயாராக முந்தானையைச் செருகினேன். அவர் குதிகாலால் இரண்டு தட்டு தட்டினார்; தரை கல் மாதிரி இருந்தது.

“முப்பது வருஷமா அம்பயரா இருக்கேன். இப்படி ஒரு பிட்ச் பாத்ததில்ல. கோலம் ஒண்ணுதான் பாக்கி.”

பதினோராவது பெயர்

டாஸ் போட இன்னும் கால் மணி. எங்களிடம் பத்துப் பேர். செயலாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லில்லி டீச்சர் வேலை பார்ப்பது எங்கள் ஜில்லாவில், பதிவு வேறு ஜில்லாவில்; அவர் இறங்க முடியாது. “எழுதுங்க என் பேரை” என்றேன். செயலாளர் என் சேலையைப் பார்த்தார். “பொம்பளைங்க டீமுதானே? நான் பொம்பளை. சேலம் ஜில்லா. இதுக்கு மேல என்ன வேணும்?” என்று கேட்டேன். அவர் அம்பயரைப் பார்க்க, அம்பயர் வானத்தைப் பார்த்தார். எழுதினார்.

முதலில் எதிர் டீம் ஆடியது. பந்து பொறுக்கும்போது என் பக்கம் வந்ததையெல்லாம் சேலையை விரித்து நிறுத்தினேன். பிறகு எங்கள் ஆட்டம். ஒன்பது பேர் அவுட் ஆகிவிட்டார்கள். ஜெயிக்க இன்னும் பத்து ரன். காலில் பேடைக் கட்டிக்கொண்டு போனேன். எதிரே பழனியம்மாள். “அக்கா, குச்சிக்கு முன்னால மட்டைய வெச்சுட்டு நில்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறனுங்க” என்றாள். நின்றேன். அவள் தரையோடு தரையாக இரண்டு பவுண்டரி அடித்தாள். இன்னும் இரண்டே ரன். எனக்கு வந்த ஏழாவது பந்து, நான் எட்டினாலும் எட்டாத தூரத்தில் போனது. அதற்கு வைடு என்று ஒரு ரன் கொடுக்க வேண்டும் என்று அதற்குள் கற்றிருந்தேன். அம்பயர் கையை விரிக்கவில்லை. நியாயம் கேட்க நான்கு எட்டு நடந்துவிட்டேன். பின்னால் அவர்கள் கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள் என்பதை யார் கண்டார்கள்? குச்சி விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். நான் அவுட்; ஒரு ரன்னில் தோற்றோம்.

பழனியம்மாள் வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். என் பேடை அவிழ்த்துவிட்டாள். செயலாளர் நோட்டோடு வந்து, பதினோரு பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

“பேரை எடுக்கலீங்க. சேலம் ஜில்லா டீம் இருக்குது. ஒரே ஒரு வேண்டுகோள், அடுத்த வருஷம் நீங்க வெளிய உக்காந்துக்குங்க.”

எண்பதுகளில் அந்த டீமில் இடம் கேட்டு முப்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள், அவர்களில் ஒருத்திகூட என்னை மாதிரி ஆடவில்லை என்பதுதான் மேனேஜராக நான் அடைந்த பெரிய வெற்றி.