ராயகிரிக் கரும்பு போன வழி

எங்கள் அக்கா நம்மை விட்டுப் போய் இந்த ஐப்பசியோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று அக்காளின் மூத்த மகன் வந்து கேட்டபோது எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் இருக்க, ஆரம்பப் பள்ளியோடு நின்றுவிட்ட சித்தியிடம் இவன் ஏன் வருகிறான்? நாலு பேர் கூடினால் சுவர் ஓரமாக ஒதுங்கி நிற்கிறவள் நான். அவனிடமே கேட்டேன்.

"அன்னைக்கு நடந்ததை நீங்கதான் சொல்லணும் சித்தி. நாங்க சொன்னா அப்பாவுக்குப் பரிஞ்சு பேசுதோம்னு சொல்லுவாவ" என்றான்.

அதுவும் சரிதான். அக்காளை எடுத்த அன்று வந்திருந்த உங்களில் பலர் ஒரு சந்தேகத்தோடுதான் வீடு திரும்பினீர்கள். அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. அது தீர்ந்த விதத்தை எழுதுவதற்காகவே சம்மதித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது ராயகிரியில். அப்பா குத்தகை வயலில் கரும்பு போட்டவர். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அம்மா யாரையும் லேசில் நம்ப மாட்டார். பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் சட்டியில் ஊற்றுவார். சொந்தக்காரர் வந்து தட்டினாலும் குரலைக் கேட்டுத்தான் கதவைத் திறப்பார். அந்தக் குணம் அப்படியே எனக்கு வந்தது. அக்காளுக்கு ஒரு துளிகூட வரவில்லை.

அக்காளைத் தென்காசியில் கட்டிக் கொடுத்தார்கள். அத்தானுக்குப் பழ வியாபாரம். சாரல் காலம் வந்தால் குற்றாலத்தில் ஐந்தருவி போகிற வழியில் கடை போடுவார்கள். மங்குஸ்தான் வாங்க வருகிற வெளியூர்க்காரர்கள், உள்ளே அழுகலாக இருக்குமோ என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். அக்காளுக்குக் கோபம் வராது. ஒன்றை எடுத்து அவர்கள் கண் முன்னால் அமுக்கி உடைத்து, வெள்ளைச் சுளையை நீட்டுவார்.

"மொதல்ல தின்னு பாருங்க அண்ணாச்சி. பெறவு சந்தேகப்படுங்க."

"இப்படி உடைச்சு உடைச்சுக் கொடுத்தா கடையில என்ன மிஞ்சும்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"ஏட்டி, உனக்குப் பழத்து மேலயும் நம்பிக்கை இல்ல, தின்னுதவன் மேலயும் நம்பிக்கை இல்ல. நீ போய்க் கோணியத் தைச்சுக்கிட்டு இரு" என்று சிரித்தார்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. ஒரு வருடம் அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். வாங்க ஆளில்லாமல் பழம் கூடை கூடையாக அழுகியது. இன்னொரு வருடம் அத்தான் கால் ஒடிந்து படுத்துவிட்டார். செங்கோட்டையில் விடியற்காலம் லாரிக்காரர்களோடு நின்று, அக்காதான் சரக்கு இறக்கினார். அப்படியும் பிள்ளைகளின் படிப்பு நிற்கவில்லை. அத்தானிடம் முகம் சுளித்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

இப்போது கரும்புக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் தைப் பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்குப் பொங்கல்படி போக வேண்டும். கரும்பு, மஞ்சள் குலை, பச்சரிசி, வெல்லம், காய்கறி. அது வராத பெண்ணுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டில் மதிப்புக் குறைவு. அண்ணன் தம்பி இல்லாததால், அப்பா காலமான பிறகு நான்தான் ராயகிரியிலிருந்து படி கொண்டுபோவேன். அக்கா ஒவ்வொரு வருடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: "கட்டைப் பெருசா கட்டு, என்னா?"

பெரிதாகத்தான் கட்டுவேன். பஸ்ஸில் கண்டக்டரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு கொண்டுவந்து இறக்குவேன். ஆனால் பொங்கல் கழிந்து மறுபடி வந்து பார்த்தால் அடுக்களையில் ரெண்டு கழிதான் நிற்கும். பிள்ளைகள் கடித்த சக்கையும் முற்றத்தில் கிடக்காது. எங்கே என்று கேட்டால், "போக வேண்டிய எடத்துக்குப் போயிருக்கு" என்பார். அத்தான் வண்டியின் பின்சீட்டில் கரும்புத் தோகை ஒட்டியிருக்கும். அதையும் பார்த்திருக்கிறேன். அத்தான் கடையில் வைத்து விற்றுவிடுகிறாரோ? வேறு யாருக்காவது கொண்டுபோய்க் கொடுக்கிறாரோ? மனதுக்குள் உருட்டிக்கொண்டே இருப்பேனே தவிர, அத்தானிடம் வாய் திறந்து கேட்கக் கூச்சம்.

போன வருடம் ஆவணியில் அக்காளுக்கு வயிற்று வலி தொடங்கியது. ஒன்றுமில்லை என்று சிரித்த முகத்தோடு மகள் சொன்னாள். ஒன்றுமில்லை என்று அதே சிரிப்போடு மகனும் சொன்னான். ரெண்டு பேரும் ஒரே மாதிரி சிரித்ததில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னார்:

"தைக்குக் கரும்பை நிறுத்திராத ஏட்டி. நான் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

"நீ இல்லாம நான் யாருக்குக்கா கொண்டாரப் போறேன்?"

அதற்கும் சிரித்தார். மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். ஆனால் கண் தெளிவாக இருந்தது. அதுதான் உறுத்தியது.

ஐப்பசி அடைமழையில் அக்கா போய்விட்டார்.

ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வர வேண்டும். அந்தக் கோடியைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். எங்கள் பிறந்த வீட்டில் மிச்சம் நான் ஒருத்திதான். சேலையைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு அக்காளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான், முன்பின் பார்த்திராத ஒரு பெண் தலையில் தாம்பாளத்தோடு அழுதுகொண்டே வாசலில் நுழைந்தாள். அம்பது வயது இருக்கும். அவள் தாம்பாளத்திலும் கோடிச் சேலை. அவள் பின்னால் கம்பு ஊன்றிக்கொண்டு ஒரு கிழவி.

பெண்கள் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது.

"யாருட்டி இவ? கூடப் பொறந்தவள விட மேல அழுவுதா."

"அங்கன அண்ணாச்சியப் பாரு. தலையே நிமிரல."

அத்தான் உண்மையிலேயே தலை குனிந்து இருந்தார். அந்தப் பெண்ணைப் பார்க்கவும் இல்லை, யாரென்று கேட்கவும் இல்லை. வண்டியில் ஒட்டியிருந்த தோகை என் நினைவுக்கு வந்தது. என் அக்கா இத்தனை வருடம் ஏமாந்துதான் வாழ்ந்தாரா?

எங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் எழுந்து அவளை மறித்தார். "ஏம்மா, நீ எந்த ஊரு? கோடி பொறந்த வீட்டுல இருந்துதான் வரணும். கண்டவங்களும் கொண்டாந்தா எப்படி?"

அவள் கிழவியைத் திரும்பிப் பார்த்தாள். கிழவிதான் பேசினார். "நாங்க புளியறை. இவ என் மருமவ. அக்கா செத்துக் கெடக்கையில தங்கச்சி கோடி போடாம இருப்பாளா? பெரியம்மை மக்க வேற, கூடப் பொறந்தது வேறயா?" பிறகு என்னைப் பார்த்தார். "நீதான ராயகிரிக்காரி? நீயே சொல்லு. இவ உங்க பெரியம்மை மவதான?"

எங்களுக்குப் பெரியம்மையே கிடையாது. அம்மா ஒரே மகள், அப்பாவுக்கு அண்ணனும் இல்லை. இது சித்தப்பாவுக்கும் தெரியும். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. என் வாழ்நாளில் அத்தனை கண் என் மேல் விழுந்ததில்லை. அந்தப் பெண்ணும் பார்த்தாள். திருட வந்தவளின் முகமாக அது தெரியவில்லை. ஒரு வார்த்தையில் வீடு இடிந்துவிடும் என்று பயந்த முகம்.

கிழவி விடவில்லை. "இவளுக்கு நாதி இல்லைன்னு சொன்னவ நானு. ஒங்க அக்கா வளைகாப்புக்குத் தட்டோட வந்து நின்னா பாரு, என் வாய் அடைச்சுப் போச்சு. அன்னையில இருந்து ஒரு தை தவறல. புருசன் வண்டியில உக்காந்து, மடியில கரும்போட வந்து எறங்குவா. அந்த ராயகிரிக் கரும்புக்கு ஈடு புளியறைச் சந்தையில உண்டுமா?"

ராயகிரிக் கரும்பு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கரும்பு போன வழி தெரிந்துவிட்டது. நான் பஸ்ஸில் ஏச்சு வாங்கிக்கொண்டு சுமந்த கட்டு அது.

"ஆமா ஆச்சி. எங்க பெரியம்மை மவதான்" என்றேன்.

சித்தப்பா என்னை முறைத்தார். "அப்பக் கோடி எது போர்த்த? ஒண்ணுதான வழக்கம்?"

"பொறந்த வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம் சித்தப்பா" என்று சொல்லி, அவள் தாம்பாளத்தை நானே வாங்கினேன். ரெண்டு சேலையையும் ஒன்றாக விரித்து நாங்கள் இருவரும் போர்த்தினோம்.

மற்ற விவரம் காரியம் முடிந்த பிறகு அவள் சொல்லித் தெரிந்தது. தாய் தகப்பன் இல்லாதவள். குற்றாலத்தில் அக்கா கடைக்குப் பக்கத்தில் நேந்திரம் சிப்ஸ் போட்டு விற்றவள். அங்கேயே பழகிக் கல்யாணம் ஆனது. மாமியார் வீட்டில் தினமும் இடிசொல். அவள் முழுகாமல் இருந்தபோது, நல்ல சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அக்கா கடையைச் சாத்திவிட்டுப் பெரியம்மை மகளாகத் தட்டோடு போயிருக்கிறார். பொய் பேசாத அக்கா சொன்ன ஒரே பொய் அதுதான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அத்தானிடம் சத்தியம் வாங்கிவிட்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நாலு பேருக்குத் தெரிஞ்சா அது பொறந்த வீடு இல்ல, தர்மம்னு ஆயிரும்னு அக்கா சொல்லுவாவ. தங்கச்சிகிட்டச் சொன்னா நேர்ல வந்து என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுத்தான் நம்புவான்னும் சொல்லிச் சிரிப்பாவ."

இந்தத் தையில் புளியறைக்குப் படி கொண்டுபோனேன். கிழவி கழியைத் தட்டிப் பார்த்து, "போன வருசத்த விட நீளம் கொறச்சல்" என்றார். கரும்பைக்கூடத் தட்டிப் பார்க்காமல் நம்பாத அந்த ஆச்சியை எனக்குப் பிடித்துப்போயிற்று. அவரும் மாசியில் காலமாகிவிட்டார். இனி எழுதலாம் என்று புளியறைத் தங்கையே சொன்னதால்தான் இதை எழுதினேன். அத்தானைப் பற்றி அன்று முணுமுணுத்தவர்கள் இதைப் படித்த பிறகு அவரிடம் வழக்கம்போலப் பேசுங்கள்.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. கரும்பை நிறுத்தாதே என்று சொன்ன அக்கா, யாருக்கு என்று ஏன் சொல்லவில்லை? நான் சும்மா இருக்க மாட்டேன், துருவித் துருவி அவளைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று நம்பித்தான் விட்டுவிட்டாரோ? யாரையும் நம்பாத என்னை அக்கா அவ்வளவு நம்பியிருக்கிறார்.

அக்காளின் நோயில் பக்கத்தில் இருந்து பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்த தெருக்காரர்களுக்கும், கடை சாத்திவிட்டு மழையில் நனைந்து வந்த குற்றாலத்துப் பழக்கடைக்காரர்களுக்கும், தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் கும்பிடு.

இப்படிக்கு,
பிறந்த வீட்டு வகையில்,
தங்கைகள் இருவர்,
ராயகிரி, புளியறை.