நஸ்மியின் ஹேண்ட் பிரேக்

எங்கள் தெருவில் கார் நிறுத்துகிறவர்களுக்கு ஒரே ஒரு ஒழுங்குதான். கியரை நியூட்ரலில் போடு, ஹேண்ட் பிரேக்கை இறக்கு, உன் பாட்டுக்குப் போ. இரட்டை வரிசையாக நிற்கிற வண்டிகளை முன்னும் பின்னும் தள்ளி, உள்ளே மாட்டிக்கொண்டவனுக்கு வழி எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. கெய்ரோ முழுக்க இப்படித்தான். எங்கள் ஷுப்ரா தெருவிலும் டாக்டர், வக்கீல், கசாப்புக்கடை ஹாஜி எல்லோரும் பிரேக்கை இறக்கிவிட்டுத்தான் போவார்கள். நாலாம் மாடி நஸ்மி மட்டும் செய்யமாட்டார்.

சின்ன விஷயம் என்று தோன்றலாம். தினமும் காலையில் தெரு நடுவில் நின்று நாலாம் மாடியைப் பார்த்துக் கத்தியவன் நான்.

"உஸ்தாத் நஸ்மீ! பிரேக்கை எடுங்க!"

பைஜாமாவோடு இறங்கி வருவார். அதற்குள் பின்னால் நிற்கிற ஹாரன்கள் என் பரம்பரையையே திட்டி முடித்திருக்கும்.

"எவனாவது தள்ளிட்டுப் போயிடுவான்னு பயமா உஸ்தாத்? இதைத் திருடுறவன் மறுநாளே கையில காசு வெச்சுத் திருப்பிக் குடுத்துருவான்."

"மன்னிச்சுக்க ரயீஸ். நாளைக்குப் பார்க்கலாம்."

"உங்க 'நாளைக்கு' எல்லாத்தையும் சேர்த்து வெச்சிருந்தா ஒரு ஆயுசு தேறியிருக்கும்."

சிரிப்பார். படித்தவரை நாங்கள் உஸ்தாத் என்போம்; அவர் என்னை ரயீஸ், அதாவது தலைவரே, என்பார். பிரேக்கை இறக்கி, நான் தள்ளி முடிக்கும்வரை நின்று, மறுபடி மேலே இழுத்துவிட்டுப் போவார். ஏன் என்று சொல்லமாட்டார். அந்த எரிச்சல் வருஷக்கணக்காக என் நெஞ்சில் கிடந்தது.

அவர் குடிநீர் இலாகாவில் குமாஸ்தா. இளவயசில் ஈராக்கில் கூலிவேலை பார்த்துக் கொண்டுவந்த காசில் வாங்கியது அந்தப் பழைய ஃபியட். பிஸ்தாப் பச்சை நிறம். மனைவி சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே பையன் மம்தூஹ். முப்பது வயசு தாண்டியவன், கதவளவு உடம்பு, புத்தி மட்டும் ஐந்து வயசோடு நின்றுவிட்டது. அவனைப் போன்றவர்களுக்குப் பாய் முடையக் கற்றுக்கொடுக்கிற ஓர் இல்லம் ஹெலியோபொலிஸில் இருந்தது. காலையில் அவனை அங்கே விட்டுவிட்டு ஆபீஸ் போவார், சாயங்காலம் கூட்டி வருவார். பாட்டுப் பாடிக்கொண்டே வந்து இறங்குவான். போகாத நாளில் சுவரில் நெற்றியை மோதிக்கொள்வான்.

மினிபஸ்ஸில் ஒருதரம் கூட்டிப்போய்ப் பார்த்தார். கூட்டம் நெருக்கியதும் மம்தூஹ் மிரண்டு ஜன்னல் கண்ணாடியைத் தலையால் உடைத்தான். டிரைவர் இரண்டு பேரையும் மேம்பாலத்திலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். அதன்பிறகு அந்தக் கார் ஓடினால்தான் பையனின் மண்டை உடையாமல் இருக்கும் என்றாகிவிட்டது.

பெட்ரோல் விலை எங்களுக்கு வெள்ளிக்கிழமை விடியலில்தான் ஏறும். ஊர் தூங்கி எழுந்தால் ஏறியிருக்கும். முதல் ஏற்றத்தில் அப்பாவும் பையனும் காரில் போகிற நைல் கரைச் சுற்றல் நின்றது. அடுத்ததில் நஸ்மி சிகரெட்டை விட்டார். பழைய டயர் வாங்க மனைவியின் வளையல் தவ்ஃபிக்கிய்யா உதிரிபாகச் சந்தைக்குப் போனது. பேட்டரிக்கு ஃபிரிட்ஜ் போனது, அதை மாடியிலிருந்து இறக்கியவன் நான்தான். சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்ன உஸ்தாத், கடைப் பக்கமே காணோம்? எம்மேல கோபமா?" என்று கேட்டார் ஹாஜி.

"கறியே தொடக்கூடாதுன்னுட்டார் டாக்டர்."

"எந்த டாக்டர்?"

"பெட்ரோல் பங்க்ல நிக்கிறானே, அந்த டாக்டர்."

ஹாஜி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எலும்பு ஒன்றைப் பொட்டலம் கட்டி நீட்டினார். நஸ்மி வாங்கவில்லை.

பென்ஷன் ஆனதும் இல்லத்துக்குப் போவது வாரத்தில் மூன்று நாளாகக் குறைந்தது, பிறகு ஒரு நாள். போன கோடையில் இஞ்சினும் போயிற்று. மெக்கானிக் பய்யூமி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இஞ்சினையே இறக்கணும் உஸ்தாத். சாமான் எல்லாம் டாலர் விலை. காரை வித்தாக்கூடக் கட்டாது."

"வித்துட்டு நாங்க எதுல போறது?" என்றார் நஸ்மி.

நானும் பய்யூமியும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பழைய இடத்தில் விட்டோம்.

மறுநாள் காலையில் மம்தூஹ் சாப்பாட்டுத் தூக்கோடு இறங்கி வந்து முன் சீட்டில் உட்கார்ந்தான். அப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

"ரயீஸ், கொஞ்சம் தள்ளேன்."

"எதுவரைக்கும், ஹெலியோபொலிஸுக்கா?"

"தெருமுனைக் கொஷரி சாப்பாட்டுக் கடை வரைக்கும். அப்புறம் அப்படியே பின்னால தள்ளி இங்கேயே விட்டுடு."

"வண்டி செத்துப்போச்சு உஸ்தாத்."

அவர் இறங்கி என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அது அவனுக்குத் தெரியாது. வண்டி நகரணும், திரும்பி வரணும், அவன் ஹேண்ட் பிரேக்கை இழுக்கணும். சின்ன வயசுலேர்ந்து அதுதான் அவன் வேலை. அதை இழுத்தாத்தான் அவனுக்கு ஊர் வந்து சேர்ந்த மாதிரி. பிரேக் இறங்கி இருந்தா, நான் பக்கத்துல இல்லாம வண்டி நகர்றதைப் பால்கனியிலேர்ந்து பார்த்துடுவான். இன்னும் வந்து சேரலைன்னு கீழே ஓடி வந்துடுவான்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே? எத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்!"

"சொல்லியிருந்தா தெருவே அவனைப் பாவம்னு பார்த்திருக்கும். நீ என்னைத்தானே திட்டினே. அது பரவாயில்லை."

தள்ளினேன். கொஷரி கடை வரை போய்ப் பின்வாங்கி வந்து நின்றதும் மம்தூஹ் இரண்டு கையாலும் பிரேக்கை இழுத்தான்.

"வந்தாச்சு!" என்றான்.

அன்றிலிருந்து தினமும் தள்ளினேன். தெரு வாயை மூடுமா? "தஸூக்கி, உன் இஞ்சினுக்கு என்ன எண்ணெய் ஊத்துறாங்க?" என்று மூன்றாம் மாடியிலிருந்து என் பேர் சொல்லிக் கேட்பார் வக்கீல். "அவிச்ச அவரை, வக்கீல் சார்! அதுவும் விலை ஏறிப்போச்சு!" என்பேன்.

ஆனால் கொஷரி கடை ஹெலியோபொலிஸ் ஆகிவிடாது. அங்கே பாய் கிடையாது, கூட்டாளிகள் கிடையாது. திரும்பி வந்தால் கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பான். மத்தியானத்துக்குள் நாலாம் மாடிச் சுவர் அதிரும் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். அடுத்த நாள் கட்டுப் போட்ட நெற்றியோடு தூக்கை எடுத்துக்கொண்டு வருவான்.

குளிர்காலத்தில் நஸ்மிக்கு மார்புச்சளி முற்றியது. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். "வெயில் வரட்டும்" என்று தள்ளிப்போட்டார் நஸ்மி. வெயில் வரும்வரை அவர் இருக்கவில்லை. தன்தா ஊரிலிருந்து அவருடைய தங்கை வந்து மம்தூஹைக் கூட்டிப்போனாள். ரயிலில் அவனை எப்படி அடக்கிக் கொண்டுபோனாளோ, நான் பார்க்கவில்லை. பச்சைக் கார் இன்னும் இங்கேதான் நிற்கிறது. பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும், நான் அதைத் தொடுவதில்லை.

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது இறப்பதற்கு முந்தின காலையில். பால்கனியில் நாற்காலி போட்டுப் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காய்கறிக்காரனுக்கு இறக்குகிற கூடையைக் கயிற்றில் இறக்கினார். உள்ளே கார் சாவி இருந்தது. மம்தூஹ் ஏற்கெனவே கீழே வந்து கதவருகில் தூக்கோடு நின்றுகொண்டிருந்தான்.

"படி இறங்க முடியலை ரயீஸ்," என்றார். இருமல் அடங்கக் காத்திருந்தார். "ஜன்னல் வழியாக் கையை விட்டு நீயே ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்க. மெதுவாத் தள்ளு. திரும்பி வந்ததும் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நீ தொடாதே. அவன் இழுக்கட்டும்."